மேகப் பாடம்

“…அத்த மொதல்ல சொல்லு. சாய்ந்தரம் ஆனா பஸ்ஸு ஏறி வூட்டுக்குப் போறியே டீச்சரு, அப்போ எங்கள இன்னா பண்ணுவ? கூடவே இஸ்துக்கினு போவியா, இல்ல செருப்பு கழட்டறாப்ல வாசல்லயே கழட்டி வுட்டுட்டு உள்ள போவியா?”

இப்படி என்னைக் கேட்டவள் அஞ்சலை. உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லின் நெற்களத்து ஓரத்தில், பாதமெல்லாம் புழுங்கல் நெல் ஒட்டியிருக்க, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அவள் மகள் பூங்காவனம் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். அப்போது படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு களத்தில் இறங்கியிருந்தாள். பெண்ணைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பு என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கப் போன என்னைத்தான் அவள் கேட்டாள்.

இத்தனை வருஷம் கழித்து அது ஏன் நினைவுக்கு வந்தது என்று சொல்கிறேன். போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் ஒருத்தி வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பெரிய படிப்புப் படித்தவர். திரையில் படம் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூடத்துக் கவலையைப் பள்ளிக்கூடத்து கேட்டிலேயே விட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றார். எல்லோரும் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சென்னையில் கூவத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாளாம். கண்ணுக்குக் கீழே கருவளையம். தயிர் சாதத்தை ஸ்பூனால் கிளறிக்கொண்டே இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

“அவர் சொல்ற மாதிரி கேட்ல விட்டுட முடியுமா மேடம்? நீங்க எப்படி விட்டீங்க?” என்றாள்.

எனக்குச் சட்டென்று அஞ்சலையின் குரல்தான் கேட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் சாலவாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, காஞ்சிபுரத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். அங்கே கரும்பலகையில் கோணாமல் எழுதவும், அட்டையில் மாம்பழமும் மயிலும் வெட்டி ஒட்டவும், குரலை ஏற்றி இறக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கை எப்படிச் சொல்லித் தருவது என்று யாரும் சொல்லவில்லை. பிற்பாடு எனக்குத் தெரிந்ததெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டு வைத்துக்கொள்வேன். அந்தப் பழக்கம்தான் எனக்கு மேற்படிப்பு.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூருக்கு மாற்றல் வந்தது. ஊர் ஓரத்தில், இரண்டு ரைஸ் மில் சுவர்களுக்கு நடுவே இருந்தது எங்கள் பள்ளி. காலையிலிருந்தே அவித்த நெல்லின் வாடை. புகைபோக்கியிலிருந்து உமிக்கரி பறந்து வந்து சிலேட்டில் உட்காரும். பிள்ளைகள் எழுதுவார்கள், ஊதுவார்கள், மறுபடி எழுதுவார்கள். ஊருக்குள் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மில்லில் தங்கி வேலை செய்பவர்கள், மண்டியில் மூட்டை தூக்குபவர்கள், பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்து விற்பவர்கள், இவர்கள் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள்.

தலைமையாசிரியர் அமீது சார். கடைத்தெருவில் அவர் குடும்பத்துக்குத் துணிக்கடை இருந்தது. அண்ணன் தம்பிகள் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டார். வெயிலோ மழையோ, மடக்கிய குடை ஒன்று கக்கத்தில் இருக்கும். விரித்து நான் பார்த்ததே இல்லை. யாரையும் அதட்ட மாட்டார். பிள்ளைகளைக்கூட “வாங்க, உக்காருங்க” என்றுதான் சொல்வார். ஆனால் அவர் வைத்த ஒழுங்கை ஒருத்தரும் மீற முடியாது.

அவருடைய முதல் ஒழுங்கு, காலையில் வருகைப் பதிவை உடனே திறக்கக் கூடாது. முதலில் முகம் பார்க்க வேண்டும்.

“பேரைக் கூப்பிட்டா உள்ளேன் ஐயான்னு வாய் சொல்லிடும் டீச்சர். வயிறு சொல்லாது. மொதல்ல மொகத்தப் பாருங்க” என்பார்.

பிரார்த்தனைக்கு முன்னால் குழாயடிக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பவன், மேசையில் மோவாயைச் சாய்ப்பவள், காரணமில்லாமல் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறவன், இவர்களை மனசில் குறித்துக்கொண்டு அவரிடம் சொல்ல வேண்டும். ஏன், என்ன என்று பிள்ளையைக் கேட்கக் கூடாது. சற்று நேரத்தில் அவர் அந்தப் பிள்ளையை “கொஞ்சம் இந்தச் சாக்பீஸ் டப்பாவ எடுத்துக்கினு வாங்க” என்று கூப்பிடுவார். அது திரும்பி வரும்போது வாயோரத்தில் பன் துகள் இருக்கும்.

இரண்டாவது ஒழுங்குக்குத்தான் மேகப் பாடம் என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள மில் களத்தைப் பற்றித் தெரிய வேண்டும். தொட்டியில் அவித்த நெல்லைக் கொண்டுவந்து சிமெண்ட் களத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். வானம் கறுத்தால் காவலாள் தகர டின்னைப் போட்டு அடிப்பான். அது கேட்டதும் மில்லில் குடியிருக்கும் அத்தனை பேரும், கைக்குழந்தையைத் தவிர, ஓடி வந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். நனைந்தால் நெல் முளை விட்டுவிடும், நாற்றம் வந்துவிடும்.

டின் சத்தம் எங்கள் வகுப்புக்கும் கேட்கும். மில் பிள்ளைகள் என்னிடம் கேட்கவெல்லாம் மாட்டார்கள். சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் ஓடுவார்கள். வகுப்பு பாதி காலியாகிவிடும். நான் வந்த புதிதில் கதவைச் சாத்தப் போனேன். அமீது சார் வந்து கதவில் கை வைத்தார்.

“சாத்தாதீங்க. சாத்தினா நாளைக்கு வரவே மாட்டாங்க. திரும்பி வர வரைக்கும் புதுப் பாடம் எடுக்காம இருங்க. அது நம்ம வேலை.”

அதுதான் மேகப் பாடம். மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குப் பழையதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு காத்திருக்க வேண்டும். போனவர்கள் வந்து, குழாயில் கால் கழுவி, விட்ட இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரே நாளில் மேகம் வரும், போகும், மறுபடி வரும். ஒரு கூட்டல் கணக்கு வாரம் பூராவும் கரும்பலகையிலேயே கிடக்கும். திரும்பி வருகிற பிள்ளைகளின் கையில் பலப்பம் நிற்காது. நெற்றியில் வேர்வையும் மழையும் சேர்ந்து வழியும். அவர்களிடம் “ஏழாம் வாய்ப்பாடு சொல்லு” என்று கேட்க எனக்கு நா எழாது. கேட்காமல் விட்டால் அதுவும் துரோகம் மாதிரி இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் பூங்காவனத்துக்கு ஒரு வழக்கம். பாடத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது டின் அடித்தால், வாசித்த சொல்லில் விரலை வைத்து ஒரு நிமிஷம் பார்ப்பாள். பிறகு ஓடுவாள். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், உட்கார்ந்ததும் அந்தச் சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவாள். நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். எனக்கு அந்த வேலையில் சோறு போட்டது சம்பளம் என்றால், மறுநாளும் பஸ் ஏற வைத்தது அந்த அடுத்த சொல்தான்.

வீட்டில் என் பாடு வேறு. திருப்புலிவனத்தில் புகுந்த வீடு. ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், “பெசஞ்சிக்கினே கீறியே, அந்தச் சோறு இன்னா பாவம் பண்ணிச்சி? துன்னு” என்பார். என் சொந்தப் பிள்ளை எதையோ கேட்கும், நான் “உக்காரு” என்று வகுப்புக் குரலில் கத்துவேன். பிறகு அதன் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மறந்து வைத்த பையை எடுக்கத் திரும்பிப் போனால், நாலாம் வகுப்புக் குட்டைப் பெஞ்சில் அமீது சார் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் சாவிக்கொத்து. கதவையெல்லாம் பூட்டியாகிவிட்டது, அந்த ஒன்றைத் தவிர.

“இன்னா சார், உடம்பு சரியில்லையா?”

“இல்ல டீச்சர். கொஞ்ச நேரம் இப்படிச் சும்மா உக்காந்துட்டுத்தான் தினமும் போவேன். நேரா வூட்டுக்குப் போனா எங்க புள்ளைங்க மேல எரிஞ்சி விழுவேன். அதுங்க இன்னா பண்ணிச்சி?”

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அவருக்கும் அப்படித்தானா என்று.

ஒரு ஐப்பசியில் பூங்காவனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்ற மில் பிள்ளைகளைக் கேட்டேன். “அவங்க நைனா மூட்டையோட உளுந்துட்டாரு டீச்சர். இடுப்பு போச்சி. இப்போ அவதான் கவுறு இஸ்துக்கினு கீறா” என்றார்கள்.

களத்தில் நெல்லைத் தள்ளப் பெரிய பலகை ஒன்று உண்டு. பின்னால் கைப்பிடி. ஒருவர் பிடியை அழுத்திக்கொண்டு வர, இன்னொருவர் முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்க வேண்டும். மில்லில் குடும்பத்தை வேலைக்கு வைப்பது இந்தக் கணக்கில்தான். பலகைக்கு இரண்டு ஆள் இருந்தால் தங்குவதற்கு ஓர் அறை. ஓர் ஆள் குறைந்தால், வாசலில் காத்திருக்கும் வேறு ஜோடிக்கு அறை போய்விடும். அப்பா படுத்துவிட்டதால் அவர் கயிறு பூங்காவனத்தின் தோளுக்கு வந்துவிட்டது.

நின்றுபோன பிள்ளையைக் கூப்பிடப் போவதற்கும் அமீது சார் ஒழுங்கு வைத்திருந்தார். தனியாகப் போக வேண்டும். இரண்டு பேராகப் போனால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். உட்காரச் சொன்னால் கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் உட்கார வேண்டும். எது கொடுத்தாலும் குடிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, வாக்குக் கொடுக்கக் கூடாது.

“நல்லா வரும், பெரிய ஆளா ஆகும்னு சொல்லிடாதீங்க டீச்சர். நமக்கு நாளைக்கே டிரான்ஸ்பர் வந்தா மூட்டையக் கட்டிக்கினு போயிடுவோம். அவங்க அந்த வாக்க வெச்சிக்கினு இங்கயே உக்காந்திருப்பாங்க.”

முதல் தடவை போனபோது அஞ்சலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. “வேல கீது, அப்பறம் வா” என்றாள். இரண்டாம் தடவை பால் இல்லாத வரட்டீ கொடுத்தாள். சுவர் ஓரமாகப் படுத்திருந்த அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு போடறாங்க, இல்லன்னு சொல்லல” என்றாள் அஞ்சலை. “ராத்திரிக்குப் படுக்க எடம் பள்ளிக்கூடம் குடுக்குமா? மில்லு தானே குடுக்குது. மேஸ்திரி போ வெளியன்னு சொன்னா, இந்த மனுசன எந்தத் தோள்ல தூக்கிப்பேன்?”

அமீது சார் மேஸ்திரியிடம் போய்ப் பேசிப் பார்த்தார். மேஸ்திரி மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, “பலகைக்கு ரெண்டு ஆள் சாமி, நான் இன்னா பண்றது” என்று அனுப்பிவிட்டான். “அவன் மேலயும் தப்பு சொல்ல முடியல, அதான் பேஜாரா கீது” என்று சார் குடையைக் கக்கத்தில் மாற்றிக்கொண்டு சொன்னார்.

மூன்றாம் தடவை போனது ஒரு சனிக்கிழமை காலை. இனி என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. கால் பழகிய பழக்கத்தில் போனேன். களத்தில் கால் வைக்கும்போதே டின் அடித்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். பூங்காவனம் தோளில் கயிற்றோடு குனிந்து இழுத்துக்கொண்டு வந்தாள். மெலிந்த தோள். கயிறு உராய்ந்த இடத்தில் ரவிக்கை கிழிந்து, தோல் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

நான் கைப்பையைச் சுவர் ஓரம் வைத்துவிட்டு அவள் தோளிலிருந்து கயிற்றை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல. புடவை தடுக்க, நெல்லில் கால் சறுக்க, நான் இழுத்த அழகைப் பார்த்துக் களமே சிரித்தது.

“டீச்சரு, கோலம் போடறியா, நெல்லு தள்றியா? நேராப் போ!” என்று பின்னாலிருந்து அஞ்சலை கத்தினாள்.

பக்கத்துப் பலகையிலிருந்து குப்பு என்பவள், “மேஸ்திரி! டீச்சருக்கும் ஒரு ரூம்பு குடுத்துடு. நல்லா இஸ்துக்குது!” என்றாள்.

குவித்து, தார்ப்பாய் போட்டு, மேலே கல் வைத்து முடித்தால், நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்துவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. தார்ப்பாயை எடுத்து, குவித்ததையெல்லாம் மறுபடி பரப்பினார்கள். மழை பெய்திருந்தால்கூட அவ்வளவு அலுப்பாக இருந்திருக்காது.

அஞ்சலை சமைக்கும் தாழ்வாரத்தில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே வந்து உட்கார்ந்தோம். பூங்காவனம் எங்களுக்கு எதிரே, தோளைப் பிடித்துக்கொண்டு. அஞ்சலை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“இத்த அனுப்பினா உன்ன மாதிரி ஆவுமா? வாயத் தொறந்து சொல்லு” என்றாள்.

ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “தெரியாது அஞ்சலை” என்றேன்.

அவள் என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தாள். “அப்பறம் இன்னாத்துக்கு மூணு தபா வந்த?”

“பாடம் பாதியில நிக்குது. அவ விரல் வெச்ச எடத்துலயே நிக்குது. எனக்குச் சோறு எறங்கல.”

அப்போதுதான் கேட்டாள், நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியை.

பூங்காவனம் பிறகு என்ன ஆனாள் என்று அந்தப் பயிற்சிக்கு வந்த பெண்ணும் கேட்டாள். ஐந்தாம் வகுப்பை எங்கள் பள்ளியில் முடித்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கோடை விடுமுறை முடிந்து வந்தபோது அந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது. செய்யாறு பக்கம் எந்த மில்லுக்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். விசாரித்தேன், சேதி கிடைக்கவில்லை. பஸ்ஸில், சந்தையில், அவள் வயசில் யாரைப் பார்த்தாலும் ஒரு வினாடி உற்றுப் பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன். பயிற்சிக்கு வந்த அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன பதில் இதுதான். கேட்டில் விட முடியாதம்மா. வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு குட்டைப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அவ்வளவுதான் முடியும்.

அன்றைக்கு அஞ்சலைக்கும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னேன். “தெனமும் கழட்டத்தான் பாக்கறேன் அஞ்சலை. கழல மாட்டேங்குது” என்றேன்.

மறுபடி டின் அடித்தார்கள். தெற்கே மேகம் கறுப்பாக எழும்பியிருந்தது, இந்தத் தடவை காற்றும் சேர்ந்து. பூங்காவனம் சட்டென்று எழுந்தாள். அஞ்சலை அவள் கையைப் பிடித்து இழுத்து, என் பக்கத்தில் உட்கார வைத்தாள். நானும் எழப் போனேன்.

“நீ இன்னாத்துக்கு எய்ந்துக்கற? பாதியில நிக்குதுன்னியே, அத்த ஆரம்பி” என்றாள்.

அம்மியின் மேல் கிடந்த குழவியை இரண்டு கையாலும் தூக்கினாள். அதில் மிளகாய் அரைத்த சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. கொடியில் தொங்கிய பழைய புடவையைக் கிழித்து, பலகையின் கைப்பிடியோடு சேர்த்து அந்தக் குழவியை இறுக்கிக் கட்டினாள், அங்கே இன்னோர் ஆள் நின்று அழுத்துகிற மாதிரி. பிறகு முன்னால் போய்க் கயிற்றைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, களத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போனாள்.